கணக்கும் கேள்வியும்

நம் நாட்டில் ஏழைகள் எத்தனை பேர், வேலையற்றோர் எத்தனை பேர் என்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆளும் கட்சியார் ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். எதிர்க்கட்சியார் வேறொரு கணக்கை எடுத்து வீசுகிறார்கள். இரு சாராரும் கேட்க மறக்கும் விஷயம் ஒன்றுண்டு. அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்? சென்ற முறை கேட்டதும் அதே கேள்விதானா? இதை விசாரியாமல் இரண்டு வருஷத்துக் கணக்குகளை அருகருகே வைத்து, வறுமை குறைந்தது என்றோ பெருகிற்று என்றோ மேடையில் முழங்குவதால் யாருக்கு என்ன பயன்?

நாம் மிகைப்படுத்துவதாக எவரேனும் எண்ணினால், அவர்கள் 1999-2000 வருஷத்துக் கதையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேராசிரியர் மஹலநோபிஸின் முயற்சியால் 1950-ல் தோன்றிய தேசீய மாதிரி ஸர்வே, குடும்பச் செலவை விசாரிக்கும்போது, ‘சென்ற 30 நாட்களில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு’ என்று கேட்பது நெடுநாளைய வழக்கம். முப்பது நாள் ஞாபகம் மங்கிப்போகும், உணவுக்கு ஏழு நாளைக் கேட்பதே மேல் என்று சிலர் வாதித்தார்கள். 1994 முதல் 1998 வரை நடந்த சிறிய சுற்றுகளில் இது பரீக்ஷை செய்து பார்க்கப்பட்டது. சில குடும்பங்களுக்குப் பழைய வினாப் பட்டியல். வேறு சில குடும்பங்களுக்கு, உணவுக்கு ஏழு நாளும் துணிமணி போன்றவற்றுக்கு ஒரு வருஷமும் கேட்கும் புதிய பட்டியல். முடிவு திகைப்பூட்டியது. புதிய பட்டியலின்படி ஏழைகளின் தொகை ஏறக்குறையப் பாதியாகி விட்டது! அதே காலம், அதே விலைவாசி. எந்த ஏழையின் உலையிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை. மாறியது கேள்வி ஒன்றே.

பரீக்ஷை செய்த மட்டில் சரிதான். அதன் பின் 1999-2000-ல் நடந்த பெரிய சுற்றில் என்ன செய்தார்கள்? ஒரே குடும்பத்தினிடம், ஒரே தாளில், உணவுப் பொருள்களுக்கு ஏழு நாள் என்று ஒரு பத்தியும் முப்பது நாள் என்று மற்றொரு பத்தியும் வைத்தார்கள். ஏழு நாளைக்கு இரண்டு கிலோ என்று சொன்னவர் முப்பது நாளைக்கு என்ன சொல்வார்? கேட்பவரும் சொல்பவரும் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து இரண்டையும் இசைத்துவிட மாட்டார்களா? பதிலைச் சாட்சியின் வாயில் திணிக்கும் கேள்வியை முதல் விசாரணையில் எந்த நியாயஸ்தலமும் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. இங்கே ஒரு பத்தியே அடுத்த பத்திக்குப் பதில் சொல்லிக்கொடுத்தது. 1993-94-ல் நூற்றுக்கு 36 ஆக இருந்த வறுமை 26.1 ஆக இறங்கிற்று என்று சர்க்கார் அறிவித்தனர். பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீடன் பழைய முறைக்கு ஒத்துவரும்படி திருத்திப் பார்த்தபோது, கிராமப்புறத்துக்கு அறிவிக்கப்பட்ட 27.1 என்ற எண் 30.2 ஆயிற்று. வேறு நிபுணர்கள் வேறு எண்களைச் சொன்னார்கள். ஒரு பத்தியை அருகில் வைத்ததன் விளைவாக ஒரு தேசமே தன் ஏழைகளின் தொகையைப் பற்றிப் பல வருஷங்கள் வழக்காட நேர்ந்தது. பிறகு 2004-05-க்குத் திட்டக் கமிஷன் இரண்டு எண்களைத் தந்தது: ஒரு முறைப்படி 27.5, மற்றொரு முறைப்படி 21.8.

அவை காகித நாட்கள். காகிதத்தில் ஒரு கேள்வியை மாற்றுவதென்றால் படிவங்களை மீண்டும் அச்சிட்டுத் தேசமெங்கும் அனுப்ப வேண்டும். அந்தச் சிரமமே ஒருவிதக் காவலாக இருந்தது. இன்றோ விசாரணையாளரின் கையில் கணினி இருக்கிறது. தலைமைக் காரியாலயத்தில் ஒரு வாசகத்தைத் திருத்தினால், மறுநாட் காலையில் அது எல்லா ராஜ்யங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடக் கூடும். தொழிலாளர் நிலைமையை ஆராயும் ஸர்வேயும் 2025 ஜனவரியில் புது உருப் பெற்று, தேச முழுவதற்கும் மாதந்தோறும் வேலையின்மைக் கணக்கைத் தருகிறது. இவ்விதம் இடைவிடாது ஓடும் ஸர்வேயில், கேள்வி எந்த மாதத்தில் எவ்வாறு மாறிற்று என்பது பதிவாகாவிட்டால் 1999-2000-ன் குழப்பம் வருஷத்துக்கு ஒரு முறை அல்ல, மாதத்துக்கு ஒரு முறை நேரலாம்.

அபாயத்தைக் கொண்டுவந்த யந்திரமே பரிகாரத்தையும் தரவல்லது. ஹாலந்து தேசத்துப் புள்ளிவிவர இலாகா 1986-லேயே இதற்கென மென்பொருள் ஒன்றை உண்டாக்கி, கணித மேதை பாஸ்கலின் நினைவாக அதற்கு ‘பிளேஸ்’ என்று பெயரிட்டது. அடுத்த வருஷமே அந்நாட்டுத் தொழிலாளர் ஸர்வேக்காரர்கள் கையோடு எடுத்துச் செல்லும் கணினியுடன் வீடு வீடாகச் சென்றார்கள். இத்தகைய மென்பொருளில் வினாப் பட்டியல் என்பது வெறும் அச்சுத் தாள் அன்று. எந்தக் கேள்வி, யாரிடம், எந்தப் பதிலுக்குப் பின் கேட்கப்பட வேண்டும் என்பதெல்லாம் விதிகளாக எழுதப்பட்ட ஒரு சாஸனம். அதை ஒழுங்காக நிர்வகித்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு தேதி உண்டு. வாசகம் மாறினால் பழையது அழிக்கப்படாது. புதியது வேறு எண்ணுடன் அருகில் நிற்கும். பெறப்பட்ட ஒவ்வொரு பதிலும், தான் எந்த வாசகத்துக்குப் பதில் என்பதைத் தன்னுடனேயே சுமந்து வரும்.

கேள்வியை மாற்றவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஜனங்களின் வாழ்க்கை மாறும்போது கேள்வி மாறாதிருப்பதும் பொய்க் கணக்குக்கே வழி. மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு என்பதே நம் கட்சி. அமெரிக்காவின் தொழிலாளர் ஸர்வேயில் நெடுங்காலமாக, ‘சென்ற வாரத்தில் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வேலையா, வீட்டுக் காரியமா, படிப்பா?’ என்ற கருத்தில் ஒரு கேள்வி இருந்தது. கூலிக்குச் சில மணி நேரம் உழைத்த ஸ்திரீகள் பலர் வீட்டுக் காரியம் என்று சொல்லிக் கணக்கிலிருந்து மறைந்தார்கள். 1994 ஜனவரியில் அதை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன், 1992 ஜூலை முதல் 1993 டிசம்பர் வரை, சுமார் 12,000 குடும்பங்களிடம் புதிய பட்டியலைத் தனியே கேட்டு, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க முயன்றார்கள். அந்த அளவையும் பின்னால் திருத்த வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். திருத்துவதற்கு வேண்டிய ஆதாரம் அவர்கள் கையில் இருந்தது.

நம் ஊரில் இது இன்னும் நுட்பமான விஷயம். டில்லியில் வகுக்கும் கேள்வி வாசற்படியில் தமிழிலோ தெலுங்கிலோதான் கேட்கப்படுகிறது. பீடி சுற்றி, மாடு கறந்து, நாற்று நடும் பெண்மணியைப் பார்த்து, ‘நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா அம்மா?’ என்றால், ‘இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பாள். ‘சென்ற வாரத்தில் கூலிக்கோ, சொந்த நிலத்திலோ, ஒரு மணி நேரமாவது ஏதேனும் செய்தீர்களா?’ என்றால் அவளே பத்துக் காரியம் சொல்லுவாள். ஆகவே ஆங்கில மூலத்தை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. ஒவ்வொரு பாஷையிலும் கேட்கப்பட வேண்டிய வாசகம் நிர்ணயிக்கப்பட்டு, அதன் மாறுதலும் தேதியோடு பதிவாக வேண்டும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் குறை கூறவில்லை. சுற்றுதோறும் வினாப் பட்டியலையும் விளக்கக் குறிப்புகளையும் வெளியிடுகிறார்கள். 2022-23-ல் நடந்த குடும்பச் செலவு ஸர்வேயில் பட்டியலை மூன்றாகப் பிரித்து, மூன்று முறை வீட்டுக்குச் சென்று விசாரித்தார்கள். அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். இலவசமாகக் கிடைத்த பொருள்களின் மதிப்பைச் சேர்த்து ஒரு கணக்கும் சேர்க்காமல் ஒரு கணக்கும் தந்தார்கள். இது நேர்மையான காரியம். ஆனால் பழைய பட்டியலை விட்டுப் புதியதற்குத் தாவும்போது, பழையதையும் ஒரு சிறு தொகையினரிடம் உடன் கேட்டு இரண்டுக்கும் பாலம் கட்டும் வழக்கம் நிலையான விதியாகவில்லை. அந்தப் பாலம் இல்லாமல் 2011-12-க்கும் 2022-23-க்கும் இடையில் வறுமை இத்தனை குறைந்தது என்று அடித்துப் பேசுவோரின் துணிச்சலை என்னென்பது!

செலவாகும் என்பார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆட்களை அனுப்பும் செலவுடன் ஒப்பிட்டால், கேள்விகளின் சரித்திரத்தை ஒரு மென்பொருளில் எழுதி வைக்கும் செலவு அற்பமே. நிபுணர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்பார்கள். ரேஷனும் மானியமும் யாருக்கு என்பதை அந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானிக்கும்போது, அது நிபுணர்களின் சொந்தச் சொத்தாக இருக்க முடியாது. எந்தப் பிரஜையும் தன் வீட்டிலிருந்தே திறந்து பார்க்கக்கூடிய பகிரங்கப் பதிவேடு ஒன்று வேண்டும்: கேள்வி, அதன் எல்லாப் பாஷை வாசகங்கள், மாறிய தேதி, மாறியதன் காரணம், மாறுதலால் எண்ணில் நேர்ந்த வித்தியாசம்.

பார்லிமெண்டில் புள்ளிவிவர இலாகாவைப் பற்றி விவாதம் வரும்போது, வேலையின்மை எத்தனை சதவீதம் என்று நமது அங்கத்தினர்கள் வழக்கம்போல் கேட்பார்கள். அதற்கு முன்னால், 2025 ஜனவரி முதல் தொழிலாளர் ஸர்வேயில் மாறிய கேள்விகள் எவை, அவை பழைய கேள்வியோடு சேர்த்துப் பரீக்ஷிக்கப்பட்டனவா, அந்தப் பரீக்ஷையின் முடிவு சபையின் மேஜைமீது எப்போது வைக்கப்படும் என்று மந்திரியைக் கேட்கட்டும்.