கணனிப் பக்கம்: வேலி போனாலும் காணி கிடக்கும்



"காப்புப் பிரதி எடுக்கப் போய் இருந்ததையும் துலைச்சுப் போட்டு நிக்கிறன். டி எண்டு ஒண்டு இருந்தது, இப்ப அது இல்லை." நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசியில் சொன்னது இது. இப்படியான அழைப்பு இது முதல் தடவையல்ல என்பதால் இம்முறை இதைப்பற்றியே எழுதுகிறேன்.

அவருடைய பழைய மடிக்கணனியின் வன்தட்டு, அதாவது ஹார்ட்டிஸ்க், சி, டி என இரண்டு பிரிவுகளாக இருந்தது. சி-யில் வின்டோஸ். டி-யில் இருபது வருடத்துப் படங்கள். ஊரிலிருந்து உறவினர் மூலம் வந்த தாயாரின் படங்களை ஸ்கான் செய்தது, மகளின் சாமத்திய வீட்டு வீடியோ, பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அவற்றின் டொச் மொழிபெயர்ப்புகளும், எல்லாம் அங்கேதான். வெளியில் இணைக்கும் வன்தட்டில் இவற்றையெல்லாம் பத்திரப்படுத்த நினைத்து ஒரு மென்பொருளைத் திறந்தார். நல்ல எண்ணந்தான்.

மென்பொருள் இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று 'ஸிஷேர்ன்', மற்றது 'வீடர்ஹேர்ஷ்ரெல்லன்'. 'வீடர்' என்றால் மறுபடியும். 'ஹேர்ஷ்ரெல்லன்' என்றால் தயாரித்தல். முன்னொருமுறை எடுத்த பிரதியை மறுபடியும் தயாரிக்கச் சொல்கிறது என்று இவர் விளங்கிக்கொண்டார். டொச் வகுப்பில் படித்ததை வைத்துப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கணனியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: பழைய பிரதியைத் திருப்பி எழுது, இப்போது இருப்பதை அழி. அந்தப் பழைய பிரதியோ, வன்தட்டு பிரிக்கப்படாமல் ஒரே துண்டாக இருந்த காலத்தில் எடுத்தது. நூற்றுக்கு ஏழு வீதம் எழுதி முடிந்தபோது சந்தேகம் வந்து மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்.

இனி வன்தட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். எங்கள் ஊரில் ஒரு காணியை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் நடுவே கதியால் நட்டு வேலி அடைப்போம்; உறுதியில் எல்லைகளை எழுதுவோம். வன்தட்டிலும் அப்படித்தான். பழைய முறையில் தட்டின் முதலாவது 512 பைட்டுகளுக்குள் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதன் அளவு வெறும் 64 பைட்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் 16 பைட்டு வீதம் நான்கு வரிகள்: இன்ன பிரிவு இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம் என்று. அதுதான் உறுதி. அந்த 64 பைட்டை மாற்றி எழுதினால் முழுப் பிரிவும் மாயமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உறுதியைக் கிழித்தால் காணியிலுள்ள பனையும் கிணறும் எங்கே போகும்? டி-யின் தொடக்கம் தட்டின் பாதிக்கு அப்பால். மென்பொருளோ முன்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்து ஏழு வீதத்தில் நின்றுவிட்டது. ஆகவே சி-யின் முன்பகுதி உண்மையாகவே போய்விட்டது. டி-யில் கை படவில்லை.

ஆனால் படக்கூடிய நிலைமை வந்தது. வன்தட்டைக் கழற்றி மகனுடைய கணனியில் இணைத்தபோது, இதைப் பாவிக்க முன்னர் 'ஃபோர்மற்றீரன்' செய்யவேண்டும், செய்யட்டுமா என்று வின்டோஸ் மிகவும் மரியாதையாகக் கேட்டது. மகன் 'அப்பிறெஷன்' என்பதை அமுக்கினான். அந்தப் பொடியனுக்குத்தான் முதலில் நன்றி சொல்லவேண்டும். வாசகர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: பிரிவு காணாமற் போனால் அந்த வன்தட்டில் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. வின்டோஸைத் திரும்பப் போடுவது, மீட்கும் மென்பொருளை அதே தட்டில் இறக்குவது, இரண்டுமே கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்தோம். முதல் வேலையாக, அதே அளவான இன்னொரு வன்தட்டு வாங்கி, பழுதானதை அப்படியே பைட்டுக்குப் பைட்டு பிரதி செய்தோம். இதற்கு நாம் பாவித்தது குனொப்பிக்ஸ். கிளவுஸ் குனொப்பர் என்ற ஜேர்மனியர் 2000ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிடத் தொடங்கிய லினக்ஸ் இது. சீடியிலிருந்தோ யூஎஸ்பி குச்சியிலிருந்தோ நேரடியாக ஓடும். உங்கள் வன்தட்டில் தன்னைப் பதிந்துகொள்ளாது. பிரதியைக் கொண்டு வேலை செய்தால் எங்காவது பிழைத்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

அதன்பின் ரெஸ்ற்டிஸ்க். கிறிஸ்தோவ் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1998இல் தொடங்கிய இலவசக் கருவி. பார்வைக்கு அழகில்லை, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும். இது உறுதியைப் பார்ப்பதில்லை. காணி முழுவதும் நடந்து எல்லைக்கல் தேடுகிறது. ஒவ்வொரு பிரிவும் தன் தொடக்கத்தில் தன்னுடைய அளவையும் வகையையும் தானே எழுதி வைத்திருக்கும். வின்டோஸ் பாவிக்கும் என்ரிஎவ்எஸ் முறையில் அதன் மறுபிரதி பிரிவின் கடைசியிலும் இருக்கும். ஒரு கல் போனாலும் மற்றக் கல்லைக் கொண்டு எல்லையைக் கணக்கிடலாம். விரைவான தேடலில் ஒன்றும் சரியாக அகப்படவில்லை. ஆழமான தேடலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். பின்னேரம் டி-யின் எல்லை திரையில் வந்தது. 'பி' என்ற எழுத்தை அமுக்கினால் அந்தப் பிரிவுக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும். 'அம்மா' என்ற பெயரில் ஒரு கோப்புறை. அவர் கதிரையை விட்டு எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டார்.

பெயர்களைக் கண்டபிறகுதான் 'எழுது' என்ற கட்டளையைக் கொடுத்து அட்டவணையைத் திருத்த வேண்டும். அதற்கும் முன்னர், முக்கியமான கோப்புகளை ரெஸ்ற்டிஸ்க் மூலமே வேறொரு தட்டுக்கு எடுத்துவிடுவது இன்னும் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். எல்லைக்கல்லும் அழிந்திருந்தால் அதனுடன் சேர்ந்து வரும் ஃபோட்டோறெக் உதவும். படங்களைப் பொறுக்கித் தரும், ஆனால் பெயர்களும் கோப்புறைகளும் வராது. தட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் இவை எதையும் தொடாமல் நிறுத்திவிடுங்கள். அது இயந்திரப் பழுது. தரவு மீட்கும் ஆய்வுகூடங்களின் வேலை. செலவு கூடுதலாக வரும், மதிப்பீட்டை முதலில் எழுத்தில் கேளுங்கள்.

புதிய மடிக்கணனி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விடயம். இப்போதைய ஜிபிரி முறையில் அட்டவணை தட்டின் தொடக்கத்திலும் கடைசியிலுமாக இரண்டு இடத்தில் இருப்பதால் மீட்பது இலகு. ஆனால் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி இருந்தால், 'ஃபோர்மற்றீரன்' என்ற ஒரே அமுக்கலில் வின்டோஸ் அந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது உள்ளதைத் துடைத்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் பயனில்லை. அத்தோடு வின்டோஸ் 11 உள்ள பல கணனிகளில் தரவு தானாகவே பிற்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புத் திறப்பு 48 இலக்கங்கள். அது மைக்ரோசொவ்ற் கணக்கில் கிடக்கும், அந்தக் கணக்கோ பல வீடுகளில் பிள்ளை பத்து வயதில் திறந்த மின்னஞ்சலில் இருக்கும். இன்றே பிள்ளையைக் கூப்பிட்டு அந்த இலக்கங்களைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

படித்தவர்களுக்கு இப்படி நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில், காப்புப் பிரதி எடுக்கும் நிரலைத் திருத்தியபோது ஏற்பட்ட பிழையால் பெருங்கணனியிலிருந்து சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் நான்கின் தரவை மீட்கவே முடியவில்லை. நிரலைத் திருத்தியவர்கள் அந்தப் பெருங்கணனியை வழங்கிய நிறுவனத்தின் ஆட்களே.

எங்கள் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பலருக்கு மூலப்படம் ஊரிலும் இல்லை. வீட்டோடு எரிந்தது பாதி, இடப்பெயர்வில் விட்டது மீதி. கணனியில் இருப்பதுதான் ஒரே பிரதி. மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும் என்று கணனித் துறையில் சொல்வார்கள். கனடாவிலோ லண்டனிலோ ஒரு சகோதரம் இல்லாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அடுத்தமுறை போகும்போது சொக்லேற்றுடன் ஒரு வன்தட்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது பிரதியை வீட்டில் வைத்திருந்தால், எடுத்து முடிந்ததும் கணனியிலிருந்து கழற்றிவிடுங்கள். வருடத்தில் ஒருதரம் அதை இணைத்து நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள்.

மென்பொருள் எதுவானாலும் அமுக்க முன்னர் பார்க்கவேண்டிய சொற்கள் இரண்டு: 'குவெல்ல' என்றால் எங்கிருந்து, 'ற்ஸீல்' என்றால் எங்கே. 'ற்ஸீல்' என்ற இடத்தில் உங்கள் மடிக்கணனியின் பெயர் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். அந்த வாசகர் இப்போது இந்த இரண்டு சொற்களையும் தமிழில் எழுதி வெளித்தட்டின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார்.