'எல்லாத்துக்கும் ஒரே பேட்டரி' சரிப்படுமா?



இப்போதெல்லாம் கடைக்குப் போனாலும் சரி, செல்போனில் ஆர்டர் போட்டாலும் சரி, 'லித்தியம் ரீசார்ஜபிள் பேட்டரி' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பார்க்க நம்ம பென்சில் பேட்டரி மாதிரியேதான் இருக்கிறது. சிலதில் பக்கத்தில் சின்ன ஓட்டை வைத்து, செல்போன் சார்ஜர் ஒயரையே சொருகிக் கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். "ஒரு தடவை வாங்கிட்டா ஆயிரம் தடவை சார்ஜ் பண்ணலாம்மா, வீட்டுல எல்லாத்துக்கும் இதையே போடலாம்" என்று கடைக்காரர் சொல்கிறார். விலையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது!

பேட்டரி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 'எல்லாத்துக்கும்' என்கிற வார்த்தையைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. இது சில இடத்தில் தங்கம், சில இடத்தில் தண்டச் செலவு, சில இடத்தில் ஆபத்து. எங்கள் வீட்டில் மூன்று வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பையனுடைய ரிமோட் காரில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி போட்டால், முதலில் சீறிக்கொண்டு ஓடும். போகப் போக வேகம் குறைந்து, கடைசியில் தள்ளாடும். ரொம்ப வருஷமாகக் கிடைக்கிற நிக்கல் ரீசார்ஜபிள் போட்டால், வேகம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் ஓரளவு சீராக ஓடும். லித்தியம் போட்டால், கடைசி நிமிஷம் வரை ஒரே வேகம். பிறகு சட்டென்று நின்றுவிடும்.

காரணம் இதுதான். ஆல்கலைன் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கும். நிக்கல் பேட்டரி சுமார் 1.2 வோல்ட். லித்தியம் பேட்டரிக்குள்ளே இருப்பதோ 3.7 வோல்ட் செல். அதை 1.5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க, உள்ளேயே ஒரு குட்டி சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். சார்ஜ் இருக்கிறவரை அது மாறாமல் 1.5 கொடுக்கும், தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும்.

பொம்மைக் கார் நின்றால் பிள்ளை கொஞ்ச நேரம் சிணுங்கும், அவ்வளவுதான். அதே பேட்டரியை மாமியார் ராத்திரி எழுந்தால் எடுத்துப் போகிற டார்ச்சில் போட்டால்? சாதாரண பேட்டரி வெளிச்சம் மங்கி மங்கி, "என்னை மாத்து"ன்னு நமக்குச் சொல்லும். லித்தியம் சொல்லாது. "ஏம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சுது?" என்று கேட்கும்போது அவர்கள் இருட்டில், படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். பி.பி. பார்க்கிற மெஷினும் அப்படித்தான். வோல்ட் இறங்குவதைப் பார்த்துத்தான் அது பேட்டரி குறைந்த அடையாளத்தைக் காட்டும். இறங்காத பேட்டரியைப் போட்டால், தலைசுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மெஷின் முன்னறிவிப்பு இல்லாமல் கண்ணை மூடிக்கொள்ளும். தீரும் முன் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கி எச்சரிக்கை கொடுக்கிற லித்தியம் பேட்டரிகளும் சில வருகின்றன. ஆனால் எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது. அதனால் பெரியவர்கள் நம்பியிருக்கிற சாமான்களில், கூட வந்த புத்தகத்தில் எந்த வகை சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள். ஒரு ஜோடி புது பேட்டரியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது காசு விஷயம். சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு சாதாரண பேட்டரி போட்டால் சுமாராக ஒரு வருஷம் ஓடும். 'ஆயிரம் தடவை சார்ஜ்' பேட்டரியை அதில் போட்டால், அந்த ஆயிரம் தடவை முடிய ஆயிரம் வருஷம் ஆகுமே! அதற்குள் நாமும் இருக்க மாட்டோம், கடிகாரமும் இருக்காது. போதாததற்கு, உள்ளே இருக்கிற சர்க்யூட் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் சார்ஜைத் தின்றுகொண்டே இருக்கும். கடிகாரம், டி.வி. ரிமோட் இதற்கெல்லாம் சாதாரண பேட்டரியே போதும். ரேடியோவில் லித்தியம் போட்டால் சில சமயம் இரைச்சலும் வரும், அதற்கும் அந்த சர்க்யூட்தான் காரணம்.

பிறகு எதற்குத்தான் லித்தியம்? வாரத்துக்கு ஒரு தடவையாவது பேட்டரி தீர்ந்து போகிற சாமானுக்கு! தினமும் ஓடுகிற பொம்மை, நிறைய இழுக்கிற கேமரா ஃபிளாஷ், நிக்கல் போட்டால் வோல்ட் போதாமல் முரண்டு பிடிக்கிற சாமான் இவற்றுக்கு வாங்கலாம், போட்ட காசு திரும்பி வரும். மற்றபடி விலை குறைவான நிக்கல் பேட்டரியே நன்றாக உழைக்கும்.

அட்டையில் போட்டிருக்கிற நம்பரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். லித்தியத்தில் 3600 என்று பெரிதாகப் போட்டிருக்கும், நிக்கலில் 2000 என்றிருக்கும். அடேயப்பா, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் முதலாவது மில்லிவாட்-அவர் கணக்கு, இரண்டாவது மில்லிஆம்பியர்-அவர் கணக்கு. படியையும் கிலோவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாமா? நிக்கலின் 2000-ஐ அதன் 1.2 வோல்ட்டால் பெருக்கினால் 2400 மில்லிவாட்-அவர் வரும். ஆக, வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். அதிலும் சர்க்யூட் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஆபத்து என்று சொன்னேனே, அதையும் கேளுங்கள். பென்சில் பேட்டரி அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறது. சர்க்யூட் இல்லாத அதைத் தெரியாமல் போட்டால் சாமான் கருகிவிடும். வாங்கும்போது 1.5 வோல்ட் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். நிக்கல் சார்ஜரில் லித்தியத்தையோ, லித்தியம் சார்ஜரில் நிக்கலையோ போடவே கூடாது. தலையணை பக்கத்தில் வைத்தோ, ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டோ சார்ஜ் போட வேண்டாம். உப்பிப் போன பேட்டரியை உடனே ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் ரேடியோ கட்டை தீர்ந்தால் வெயிலில் காய வைப்போமே, அந்தப் பழக்கத்தை இதனிடம் காட்டாதீர்கள். சூடு பட்டால் தீப்பிடிக்கும்.

தீர்ந்துபோன பேட்டரியைக் குப்பையோடு குப்பையாகப் போடுவதும் தப்பு. 2022-ல் மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரி கழிவு விதிகளில், வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று நமக்கும் கடமை சொல்லியிருக்கிறது. ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

கடைசியாகக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எதில் போடலாம், எதில் போடக்கூடாது, தீரும் முன் எச்சரிக்கை காட்டுமா காட்டாதா என்பதை அட்டையில் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடித்தால் என்ன? 'ஆயிரம் தடவை'யை மட்டும் அவ்வளவு பெரிசாகப் போடத் தெரிகிறதே! அதுவரை, "எல்லாத்துக்கும் போடலாம்"னு சொல்கிற கடைக்காரரிடம், "எங்க மாமியார் டார்ச்சுக்குமா?"ன்னு திருப்பிக் கேளுங்கள். என்ன தோழியரே, நான் சொல்றது சரிதானே?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.