கைப்பேசியில் சரித்திரப் பாடம்

ஹைஸ்கூல் மாணாக்கர் சரித்திரத்தை இணையத்தின் வாயிலாகக் கற்பது நலமா என்ற கேள்விக்கு, நமது ஆற்காட்டுச் சீமையில் இரண்டு விடைகள் வருகின்றன. வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம், படங்கள் மனத்தில் பதிகின்றன என்பது மாணாக்கர் கட்சி. பிள்ளைகளின் முகத்தைப் பாராமல் பாடம் விளங்கிற்றா என்று அறிவதெப்படி என்பது உபாத்தியாயர் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது இப்பரீட்சை நம்மீது வந்து விழுந்தது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்திற்று. பத்தாம் வகுப்பார் 2021 ஜனவரி 19-ந் தேதிதான் பள்ளிக்குத் திரும்பினர். ஆம்பூரில் ஒரே கைப்பேசியுள்ள தொழிலாளி வீட்டில், அது ஜோடுத் தொழிற்சாலைக்குத் தாயுடன் போய்விட்டால் பாடம் ஏது? சர்க்கார் 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளும் மேல்நிலை வகுப்பாருக்கே உரியவையாயிருந்தன.

கருவி கிடைத்துவிட்டாலும் காரியம் முடிந்ததாகாது. 1806 ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்தது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘புரட்சி’; ஆங்கிலத்தில் தேடும் சிறுவனுக்கு அதுவே ‘சிப்பாய்க் கலகம்’. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும், நெற்றிக் குறி கூடாதென்ற உத்தரவுமே காரணம் என்பர் சிலர். கோட்டையில் காவலிலிருந்த திப்புவின் குமாரர்களைச் சுட்டுவர் வேறு சிலர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்து எழுச்சியை அடக்கிய கில்லெஸ்பியை வீரனென்று ஒரு சாரார் எழுதினர். சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட சிப்பாய்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை. சாட்சிகள் முரண்படுமிடத்தில் குறுக்கு விசாரணை வேண்டுமென்பதை ஜூனியர் வக்கீலும் அறிவான். எழுதியவன் யார், யாருக்காக எழுதினான் என்று கேட்கப் பழக்குவதே சரித்திர உபாத்தியாயரின் வேலை.

தோலால் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அத்தோல் சிப்பாயின் தலைக்கு ஏன் ஆகாததாயிற்று என்ற கேள்வி எழாமலா இருக்கும்? அதைக் கேட்கச் சிறிது துணிவு வேண்டும். பதில் கூற அதைவிட அதிகம் வேண்டும். ஜாதியையும் தீட்டையும் தொடும் அக்கேள்விக்கு நல்ல உபாத்தியாயர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார். வீடியோ நில்லாமல் ஓடிவிடும்.

அந்நியர் எழுதியதைப் பிள்ளைகள் நம்பிவிடுவர் என்றஞ்சி இணையத்தையே விலக்கச் சொல்வாருடன் நாம் சேரவில்லை. நம்மவர் எழுதியதையும் அவர்கள் விசாரிக்கட்டும். கல்வி இலாகா வகுப்பு வேளையைக் கேள்விக்கு ஒதுக்கி, கைப்பேசி இல்லாதவர்க்கு மாலையில் பள்ளியின் கணினி அறையைத் திறந்துவைக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களின் பத்தாம் வகுப்பாரை வருஷத்தில் ஒரு நாளாவது அக்கோட்டைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டும். ஆம்பூரிலிருந்து அது சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான்.