சிறை வாசலிலிருந்து வீடு வரை

சிறைக்கதவைத் திறந்துவிட்டதும் கைதியிடம் தமக்குள்ள பொறுப்பு தீர்ந்துவிட்டதாகச் சர்க்கார் கருதி வருகின்றனர். இது பெரும் பிழையென்பதே நமது அபிப்பிராயம்.

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்து உழவுக் கூலியாள் ஒருவர், மதுரை மத்தியச் சிறையினின்றும் அந்தி சாய்ந்தபின் ஜாமீனில் வெளிவருகிறாரென்று வைத்துக் கொள்வோம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பஸ்ஸைப் பிடித்து, கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்புக்கு வேறு பஸ் ஏறி, அப்பால் ஊர் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு பஸ் தவறினால் பஸ் நிலையமே படுக்கை. அங்கே போலீஸ்காரர் தட்டியெழுப்பி, எங்கிருந்து வருகிறாயென்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்? சொன்னபின் என்ன நேருமென்பதை நமது வாசகர்களுக்கு விவரிக்க வேண்டுவதில்லை.

வழிச்செலவு கொடுக்கச் சிறை விதிகளில் இடமில்லாமலில்லை. 2016-ம் வருஷத்து மாதிரிச் சிறைக் கையேடு, விடுதலைக்குப் பிந்திய பராமரிப்புக்கென்று தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. ஆயினும் தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் முன்னதாகவே தெரியும். விசாரணைக் கைதிக்கோ உத்தரவு வந்த பிறகுதான் தெரியும். 2022-ம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்பவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2023 ஜனவரி 31-ல் கட்டளையிட்டனர். மெத்தச் சரி. அதே நேரத்தில் கைதியின் வீட்டுக்கும் ஒரு செய்தி போனால் என்ன குறைந்துவிடும்? ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை கொடுக்க மத்திய சர்க்கார் 2023-ல் திட்டம் வகுத்திருக்கின்றனர். அத்தனை கொடுத்து மீட்ட மனிதனுக்கு ஊர் வரையில் ஒரு பஸ் சீட்டு வாங்கித் தரலாகாதா?

குற்றவாளிக்கு உபசாரமாவென்று சிலர் கேட்பர். விசாரணைக் கைதி குற்றவாளியென்று இன்னும் தீர்மானிக்கப்படாதவன். தண்டனைக் கைதியோ தன் கடனைத் தீர்த்தவன். இருவரில் எவனையும் மறுபடி தண்டிக்க நமக்கு என்ன அதிகாரம்?

தேசபக்தர்களுக்கே இக்கதி நேர்ந்ததுண்டு. 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, பிறகு அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பர் 24-ல் கண்ணனூர்ச் சிறையினின்றும் வெளிவந்த ஸ்ரீ வ.உ.சிதம்பரம் பிள்ளையை வரவேற்க ஒரு சிலரே வந்திருந்தனர். கப்பல் கம்பெனி அதற்குள் கலைந்துவிட்டது. வக்கீல் சன்னதும் போயிற்று. சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி சன்னதை மீட்டுக் கொடுத்தார். அந்நன்றிக்காகப் பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆயிரம் பேர் செய்யத் தவறியதை ஓர் அந்நியர் செய்தார்! சிறையில் குஷ்டநோய் பெற்று வெளிவந்த ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவோ ரயிலேறத் தடையுண்டாகி, கால்நடையாயும் கட்டைவண்டியிலும் ஊரூராகச் சென்றார்.

ஆகவே, இருட்டிய பின் விடுதலையாகும் எவரும், விரும்பினால், விடியும் வரை சிறை வாசலிலேயே கௌரவமாகத் தங்க இடம் வேண்டும். சீட்டு பெரிய பட்டணத்தோடு நில்லாமல் சொந்தக் கிராமம் வரை செல்லுபடியாக வேண்டும். விடுதலையான கைதிகளுக்குச் சிறு தொழில் தொடங்க உதவும் சங்கமொன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கான்சாபுரம் போன்ற ஊர்களில் அதன் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? இதைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவைக்கச் செலவொன்றுமில்லை.

மற்றது நம் தொண்டர்களின் வேலை. பஸ் நிலையத்துக்குப் போய் அழைத்து வரவும், முதல் வாரத்துக்கு அரிசி சேகரிக்கவும், கூலிக்கு அழைக்கத் தயங்கும் விவசாயியிடம் உடன் சென்று பேசவும் ஊருக்கு இருவர் போதும். ராஜபாளையத்து நூல் மில்காரர்களும் சத்திரப்பட்டிப் பாண்டேஜ் துணித் தறிக்காரர்களும் இத்தகையோருக்கு ஆளுக்கோர் இடம் ஒதுக்க முன்வருவாராயின், அவர்கள் பெயர்களை இப்பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.