கழுத்துப் பிடியில் ஒரு மணி நேரம்

ஒருவன் இன்னொருவனின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். விடுவதாயில்லை. எதிராளி உதறிப் பார்க்கிறான், கயிற்றுப் பக்கம் தள்ளிப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பிடி. 2004 அக்டோபர் 16 அன்று சிகாகோவை ஒட்டிய சிகாகோ ரிட்ஜ் என்ற சிற்றூரில் சில நூறு பேர் முன்னால் நடந்த ஆட்டம் இது. 60 நிமிடம் ஓடி, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தின் சிறந்த ஆட்டங்களைப் பட்டியலிடுகிறவர்கள் இன்றும் இதை விட்டுவிடுவதில்லை.

தலையைக் கொடுத்தவர் சமோவா ஜோ. 125 கிலோவைத் தாண்டிய சாம்பியன். இடுக்கியவர் சி.எம். பங்க், ஜோவைவிட இருபத்தைந்து கிலோவாவது குறைவு, ஆனால் சிகாகோ அவருடைய சொந்த ஊர். பட்டம் ரிங் ஆஃப் ஹானர் என்ற சிறு நிறுவனத்தினுடையது. 2002ல் அதைத் தொடங்கியவர்கள் மல்யுத்த வீடியோ கேசட் விற்றுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு நல்ல வியாபாரம் தந்த இசிடபிள்யூ 2001ல் மூடப்பட்டதும், விற்க ஏதாவது வேண்டுமே என்று தாங்களே ஆட்டம் நடத்த ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சி கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. கேசட் வாங்குகிறவன் ஆட்டத்தைத்தான் பார்ப்பான். ஆகவே ஆட்டம் நன்றாக இருந்தாக வேண்டும். கலை ஆர்வம் என்று பிற்பாடு சொல்லப்பட்டதில் பாதி இந்தக் கடைக்காரக் கணக்குதான்.

'எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம்தானே?' என்ற கேள்வி இங்கே தவறாமல் வரும். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது. கூத்தில் துரியோதனன் தொடையைப் பிளக்கப் போகிறார்கள் என்பதும் முன்பே முடிவானதுதான். அதற்காக யாரும் விடியும் முன் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. முடிவு தெரிந்த பிறகு மிச்சமிருப்பது ஒன்றுதான். அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

அந்தக் கழுத்துப் பிடிக்கு வருவோம். அதற்கு மூன்று வேலைகள். முதலாவது, மூச்சு வாங்க அவகாசம். அறுபது நிமிடத்தை யாரும் ஓடிக் கடக்க முடியாது. இரண்டாவது, ரகசியம். முகம் மறைந்திருக்கும்போது ஒருவர் காதில் ஒருவர் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டும் எல்லா மல்யுத்தக்காரர்களுக்கும் தெரிந்த பழைய உபாயங்கள். மூன்றாவதை இவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பிடிவாதமாகச் செய்தவர்கள் குறைவு. ஓய்வுக்கான பிடியையே கதையாக்கினார்கள். பங்க் ஜோவை அடித்து வீழ்த்த முடியாது. ஜோவின் உள்ளங்கை அடி நிஜமான அடி. சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும், மார்பு சிவந்துபோகும். எனவே பெரிய ஆளின் கழுத்தில் தொங்கி, அவரைச் சுமக்க வைத்து, களைப்பாக்குவதே வழி. இது புரிந்த பிறகு ஒவ்வொரு முறை பங்க் அந்தத் தலையை எட்டிப் பிடிக்கும்போதும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. வித்வான் ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வரும்போது தலையாட்டும் கச்சேரி ரசிகனுக்கு இது புரியும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இதே இருவரும் ஜூன் 12 அன்று ஒஹையோ மாநிலம் டேட்டனில் 60 நிமிடம் மோதிச் சமநிலையில் முடித்திருந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் நிறுவனர் ஒரு விவகாரத்தில் சிக்கி விலகியிருந்தார். டிஎன்ஏ என்ற போட்டி நிறுவனம் தன்னுடன் ஒப்பந்தம் செய்திருந்த வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கையில் மிஞ்சிய பெரிய பெயர் ஜோ. டேட்டன் ஆட்டம் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் அதே வித்தையை நான்கு மாதத்தில் மறுபடி காட்டுவது ஆபத்து. நாற்பதாவது நிமிடம் தாண்டியதும், 'ஓஹோ, இதுவும் டிராதான்' என்று ரசிகன் கையைக் கட்டிக்கொள்ளலாம். சிகாகோவில் அது நடக்கவில்லை. உள்ளூர்ப் பையன் ஜெயித்துவிடுவானோ என்ற ஆசை கணக்கை மறக்கடித்தது. என் அபிப்பிராயத்தில் நடுவில் ஒரு பத்து நிமிடம் தொய்வு உண்டு. அதைக் குறையாகச் சொன்னாலும், கடைசிப் பதினைந்து நிமிடம் அந்தத் தொய்வின் மேல்தான் நிற்கிறது.

மல்யுத்தச் செய்தி மடல் நடத்தும் டேவ் மெல்ட்சர் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். 1997ல் ஷான் மைக்கேல்ஸும் அண்டர்டேக்கரும் கூண்டுக்குள் மோதிய பிறகு வட அமெரிக்க ஆட்டம் எதற்கும் அவர் அதைக் கொடுத்திருக்கவில்லை. ஒரு தனி மனிதரின் மதிப்பெண் இவ்வளவு பெரிய விஷயமா என்றால், ஆம், ஆகிவிட்டது. நம் ஊரில் தொண்ணூறுகளில் பள்ளிப் பையன்கள் டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று வீரர்களை அளந்தார்கள். இது பெரியவர்களின் டிரம்ப் கார்டு. 2017 ஜனவரியில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் டோக்கியோவில் மோதியதற்கு அவர் ஆறு கொடுத்தார். மறு வருடம் அதே இருவருக்கு ஏழு. ஐந்துக்கு ஏழு!

நட்சத்திரம் ஏற ஏற உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் என் கவலை. இதே நிறுவனத்தின் 2006 ஆகஸ்ட் லிவர்பூல் ஆட்டத்தில் பிரையன் டேனியல்சன், இரும்புத் தூணின் இரு பக்கமும் எதிராளி நைஜல் மெகின்னஸின் கைகளைப் பிடித்து இழுத்து, தலையைத் தூணில் மோத வைத்தார். ஒரு முறை அல்ல. அது நடிப்பல்ல. அதைப் பெரிய ஆட்டம் என்று கொண்டாடினார்கள். டேனியல்சன் மூளை அதிர்ச்சிகளின் விளைவாக 2016ல் ஓய்வு பெற நேர்ந்தது; 2018ல்தான் திரும்பினார். இந்தத் தலைமுறை கேசட்டில் பார்த்துப் பாடம் கற்ற ஜப்பானிய மேதை மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஆட்டத்தின்போதே விழுந்து இறந்தார். வயது 46. இவற்றோடு வைத்துப் பார்த்தால் ஜோவும் பங்க்கும் சிகாகோவில் செய்தது எவ்வளவு விவேகமான வேலை! கழுத்துப் பிடியால் யாருக்கும் மூளை கலங்குவதில்லை.

சில நூறு பேர் வரும் அரங்கில் ஆடும் வீரனுக்கு மாதச் சம்பளம் இல்லை. ராத்திரிக் கூலி. அடிபட்டால் பார்த்துக்கொள்ள நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் இல்லை. டபிள்யூடபிள்யூஈ போன்ற கோடீஸ்வர நிறுவனமே வீரர்களை ஊழியர்களாக அல்ல, தனி ஒப்பந்தக்காரர்களாகத்தான் வைத்திருக்கிறது. இந்த நிலையில், 'இன்னும் உயரத்திலிருந்து விழு' என்று கூவும் ரசிகனைவிட, கழுத்துப் பிடிக்குக் கைதட்டும் ரசிகன் வீரனுக்கு நல்லது செய்கிறான்.

மூன்றாவது ஆட்டம் டிசம்பர் 4 அன்று நியூ ஜெர்சியில் நடந்தது. சுமார் அரை மணி நேரத்தில் ஜோ ஜெயித்தார். மூன்று வாரம் கழித்து, 21 மாதம் வைத்திருந்த பட்டத்தை ஆஸ்டின் ஏரீஸ் என்பவரிடம் இழந்தார். பங்க்குக்கு அந்தப் பட்டம் 2005 ஜூனில் கிடைத்தது, அதுவும் டபிள்யூடபிள்யூஈயில் சேர முடிவு செய்து கிளம்பும் நேரத்தில். பட்டத்தின் மேலேயே புதுக் கம்பெனி ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் காட்டி ரசிகர்களை வெறுப்பேற்றினார்.

இருவரும் 2023 ஆகஸ்ட் 27 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் மறுபடி மோதினார்கள். கூட்டம் 81,035 என்று அறிவித்தார்கள். ஆட்டம் ஏறக்குறைய கால் மணி நேரம், ஜெயித்தது பங்க். அதற்குச் சற்று முன்னால் திரைக்குப் பின்னே பங்க் சக வீரர் ஒருவருடன் கைகலந்தார். பேசி வைக்காத சண்டை. சில நாட்களில் வேலை போயிற்று. நிகழ்ச்சியை நடத்திய ஏஇடபிள்யூ நிறுவனம் அதன் கண்காணிப்பு காமிராப் பதிவை 2024 ஏப்ரலில் ஒளிபரப்பியது. ஓசையில்லாத படம், சில விநாடி இழுபறி. அதற்குள் நாலு பேர் வந்து விலக்கிவிடுகிறார்கள். மல்யுத்தம் என்று பார்த்தால் அதில் ஒன்றும் தேறாது.