குளிசைகளின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

முதியவர்களின் மறதிநோய் குறித்து முன்னரைவிட இப்போது சற்று அதிகமாகப் பேசப்படுகிறது. 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லி ஒதுக்கிவிடாமல் அது ஒரு நோய் என்று ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு வளர்ந்து வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த நோயாளர்கள் நாளொன்றுக்கு விழுங்கும் குளிசைகளின் எண்ணிக்கையைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ச்சியாக உட்கொள்வதைப் பன்மருந்துப் பாவனை என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ரோல், மூட்டுவாதம் என்று பல நோய்களுடன் வாழும் ஒருவருக்கு அத்தனை மருந்துகளும் அவசியமாக இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. பிரச்சினை எண்ணிக்கையில் மாத்திரம் இல்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதியதொரு நோய் என்று கருதி அதற்கும் ஒரு மருந்தை எழுதுவதிலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறுகிறேன். மறதிநோயினால் பாதிக்கப்பட்டிருந்த தாயார் இரவில் உறங்காமல் சத்தமிடுகிறார் என்பதற்காக அவருக்கு ஹலோபெரிடோல் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் கைகள் நடுங்கத் தொடங்கின, நடை தளர்ந்தது. இன்னொரு வைத்தியரிடம் காட்டியபோது நடுக்கத்துக்கு பென்செக்சோல் எழுதப்பட்டது. அதன் பிறகு மறதியும் குழப்பமும் மேலும் மோசமாகின. 'நோய் முற்றிவிட்டது' என்று பிள்ளைகள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். நடுக்கம் முதலாவது மருந்தினாலும் குழப்பம் இரண்டாவது மருந்தினாலும் வந்திருக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்வதற்கு எவரும் இருக்கவில்லை.

இதன் பின்னால் உள்ள விளக்கம் எளிமையானது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் மறதிநோயாளர்களின் மூளையில் குறைந்துபோகிறது. டொனெபெசில் போன்ற மருந்துகள் அதைப் பேணுவதற்காகவே கொடுக்கப்படுகின்றன. பென்செக்சோல், அமிற்றிப்டிலின், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஒக்சிபியூற்றினின், தடிமனுக்கு நாம் சாதாரணமாக வாங்கும் பிரிற்றன் ஆகியவை அதே இரசாயனத்தின் செயற்பாட்டைத் தடுப்பவை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதைப் போன்றதே இது. முதுமையில் சிறுநீரகமும் ஈரலும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைவதால் விளைவு இன்னும் கடுமையாகிறது. 'தலை சுற்றுகிறது', 'வாய் உலர்கிறது' என்று எடுத்துச்சொல்லும் ஆற்றலை நோயாளர் இழந்திருப்பது எல்லாவற்றிலும் பெரிய கொடுமை.

மனநோய்க்கான மருந்துகளைக் கொண்டு மறதிநோயாளர்களை அடக்கிவைப்பதன் ஆபத்து புதிய கண்டுபிடிப்பு அல்ல. அவை மரண ஆபத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 இல் எச்சரித்தது; 2008 இல் அந்த எச்சரிக்கையைப் பழைய ரக மருந்துகளுக்கும் விரிவுபடுத்தியது. பிரிட்டனில் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009 இல் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கை, அங்கு ஏறத்தாழ 180,000 மறதிநோயாளர்களுக்கு அத்தகைய மருந்துகள் கொடுக்கப்படுவதாகவும் அதனால் ஆண்டொன்றுக்கு சுமார் 1,800 மேலதிக மரணங்கள் நேருவதாகவும் மதிப்பிட்டது. பயன் அடைபவர்கள் கூடினால் 36,000 பேர் மாத்திரமே என்றும் அது கூறியது.

இலங்கையைப் பொறுத்தவரை, அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் ஒரு மருந்து, தனியார் வைத்தியசாலையில் 'சனல்' செய்து பார்த்த நிபுணரிடம் இன்னொன்று, அவசரத்துக்குச் சந்திக்கு அருகில் உள்ள மருந்தகத்தில் வேறொன்று என்று வாழ்க்கை ஓடுகிறது. ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் ஒரே வீட்டுக்குள் வந்து சேருவதும் உண்டு. ஒவ்வொருவரும் தமது பங்கை மாத்திரமே அறிவர். முழுக் கணக்கும் எவரிடமும் இல்லை.

தேவையான மருந்துகள் எவை என்ற கேள்வியை உலகுக்கு முன்னதாகவே எழுப்பிய நாடு இது. 1971 இல் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் முன்வைத்த அறிக்கை அதற்குச் சான்று. நாட்டுக்கு எழுப்பப்பட்ட அந்தக் கேள்வியை ஒவ்வொரு முதிய நோயாளருக்காகவும் இன்று எழுப்பவேண்டியிருக்கிறது.

குடும்பத்தவர்கள் தாமாகவே மருந்துகளை நிறுத்திவிடக்கூடாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. ஆனால், வீட்டில் இருக்கும் குளிசைகள் அனைத்தையும், ஆயுர்வேத மருந்துகளும் உட்பட, ஒரு பையில் போட்டு ஒரே வைத்தியரிடம் எடுத்துச்சென்று 'இதில் எதைக் குறைக்கலாம்?' என்று கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கருதாத வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், இந்தப் பொறுப்பைக் களைத்துப்போன பிள்ளைகளின் தலையில் மாத்திரம் சுமத்துவது நியாயமாகாது. ஆறு மாதங்களுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு முதிய நோயாளரின் மருந்துப் பட்டியலையும் முழுமையாக மீளாய்வு செய்யும் கடமையைக் கிளினிக்குகளுக்குச் சுகாதார அமைச்சு விதிக்க வேண்டும். அதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை. புதிதாக ஒரு மருந்தை எழுதுவதற்கு இருக்கும் துணிச்சல், பழையது ஒன்றை வெட்டுவதற்கும் இருந்தால் போதும்.