எதிரே நிற்பவரின் நடிப்பு

ஆசிரியர் உரை

குற்றப் படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாம் பெரும்பாலும் மிரட்டியவரைப் பற்றித்தான் பேசுகிறோம். அவருடைய குரல், பார்வை, நாற்காலியில் சாய்ந்த விதம் என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறோம். நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். அவர் மிரட்டலானவர் என்று நமக்கு யார் சொன்னது? எதிரே நின்றவர்தான் சொன்னார். வறண்ட தொண்டையாலும், உட்காரச் சொன்ன பிறகும் உட்காரத் தயங்கிய முழங்காலாலும், பதில் சொல்லுமுன் ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணாலும் சொன்னார். திரையில் அதிகாரத்தைக் காட்டுபவர், அதைச் செலுத்துபவரைவிட அதற்கு ஆளாகிறவரே. துணைப்பாத்திர நடிப்புக்கென்று ஒதுக்கியிருக்கும் இந்த இதழை இந்தக் கருத்தோடு தொடங்குகிறோம். அதற்குச் சான்றாக நம் கண்முன்னே இருக்கும் படம் வெற்றிமாறனின் 'விசாரணை'.

2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் திரையரங்குக்கு வந்த படம் அது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அடிப்படை. பாடல் இல்லை. நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. தமிழின் சிறந்த படம், சிறந்த துணை நடிகர், சிறந்த படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள் பெற்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. காவல்துறை வன்முறை பற்றிய படமாக அது நிறைய விவாதிக்கப்பட்டுவிட்டது. நடிகர்கள் ஒருவருக்கொருவர் எப்படித் தாங்கு கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் பாடமாக அதை நாம் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

பிழைப்புக்காகக் குண்டூர் போய்ப் பூங்காவில் படுத்துறங்கும் நான்கு தமிழ் இளைஞர்கள்: பாண்டியாக தினேஷ், முருகனாக முருகதாஸ், அப்சலாகச் சிலம்பரசன் ரத்னசாமி, குமாராக பிரதீஷ் ராஜ். பெரிய இடத்தில் நடந்த கொள்ளை ஒன்றைச் சீக்கிரம் முடித்துக்காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஆந்திரக் காவல்துறை இவர்களைப் பிடித்துப்போடுகிறது. இந்த நால்வரும் ஒரே மாதிரி பயந்திருந்தால் படம் பத்து நிமிடத்தில் சலித்திருக்கும். வலியைக் காட்டும் படங்களில் நடிகர் குழு விழுகிற முதல் குழியே அதுதான். எல்லாரும் ஒரே சுருதியில் அலறுவார்கள். பார்ப்பவருக்குக் காது மரத்துப்போகும். 'விசாரணை'யில் பயத்துக்கு நான்கு உடல்கள் இருக்கின்றன. அப்சலுடைய பயம், எங்கே வந்து மாட்டினோம் என்றே விளங்காத சிறுவனின் பயம். முருகனுடைய பயம், உடம்பு தாங்காது என்று முன்கூட்டியே தெரிந்தவனின் பயம். பாண்டிக்கு, உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை பயத்தைவிட மேலே நிற்கிறது. அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைத்தான் தினேஷ் நடிக்கிறார். பாண்டி பரிதாபத்தைக் கேட்டு வாங்கவில்லை என்பதால்தான் நமக்குப் பதறுகிறது.

இதில் நம் கவனத்துக்குரிய தொழில்நுணுக்கம் ஒன்று உண்டு. படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பது அபூர்வம். சட்டைக் கறைக்கும் நெற்றிக் காயத்துக்கும் கன்டினியூட்டி பார்க்க உதவி இயக்குநர் இருக்கிறார். வலிக்குக் கன்டினியூட்டி பார்ப்பவர் யார்? முதல் நாள் உள்ளங்காலில் விழுந்த அடி மூன்றாம் நாள் நடையில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும், முதுகில் வாங்கியவன் சுவரில் சாயலாமா, எந்தப் பக்கமாகத் திரும்பிப் படுப்பான் என்பதையெல்லாம் நடிகர்தான் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'விசாரணை'யின் முதல் பாதியில் நால்வரும் உட்காரும் விதத்தை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உடம்பே சொல்லிவிடும். நடிப்புப் பள்ளிகளில் இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்.

அடுத்து மொழி. அப்சலை இரவில் நிறுத்தி விசாரிப்பதிலிருந்து, படத்தின் முதல் பாதி முழுக்க தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையே நடக்கிறது. புரியாத மொழியைக் கேட்பதை நடிப்பது மிகக் கடினம். காரணம், நடிகருக்கு வசனத்தின் பொருள் தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டு ஓசையை மட்டும் கேட்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பிறகு கை ஓங்கும் என்று முகத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டும். நீதிமன்றக் காட்சியில் இதன் உச்சத்தைப் பார்க்கிறோம். நீதிபதியின் கேள்வி இவர்களுக்கு எட்டவில்லை, இவர்களுடைய பதில் அவரை எட்டவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேறு வேலையாக வந்திருக்கும் காவல் அதிகாரி முத்துவேல் மொழிபெயர்க்க முன்வரும் அந்த நிமிடத்தில், நால்வரின் கண்களும் அவர் வாயிலேயே தொங்குகின்றன. முத்துவேலாக வரும் சமுத்திரக்கனி அங்கே பெரிதாக எதுவும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இல்லை. அவரை மீட்பராக ஆக்குவது அந்த எட்டுக் கண்கள்தான்.

குண்டூர் அதிகாரி விஸ்வேஸ்வர ராவாக வரும் அஜய் கோஷையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் வில்லத்தனம் எதையும் தூக்கிச் சுமக்கவில்லை. கணக்கு முடிக்க வேண்டிய அலுவலரைப் போல வேலையைப் பார்க்கிறார். எரிச்சல் இருக்கிறது, அவசரம் இருக்கிறது. கொடூரத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை இல்லை. அச்சத்தின் சுமையை அந்த நால்வரும் ஏற்றுக்கொண்டதால்தான் அவருக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது. எதிரே நிற்பவர் பலவீனமாக நடித்தால் மிரட்டுபவர் சத்தத்தைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நம் படங்களில் எத்தனையோ நல்ல நடிகர்கள் கத்தி நடித்ததற்குக் காரணம் அவர்கள் குறையாக இருக்காது. எதிரே யாரும் இல்லாமல் போனதுதான் குறை.

சமுத்திரக்கனிக்குக் கிடைத்த துணை நடிகர் விருது மிகச் சரியானது. ஆனால் அது எதற்காகச் சரி என்பதை நாம் துல்லியமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். குண்டூரில் முத்துவேல் இந்தப் பையன்களுக்குக் கடவுள். சொந்த ஊர் நிலையத்துக்குத் திரும்பியதும், மேலதிகாரிகளின் முன்னால் அவரே கையைக் கட்டி நிற்க வேண்டியவர். கடைசியில் தன் துறையின் குண்டுக்கே இரையாகிறார். அதிகாரத்தைச் செலுத்துபவர், அதற்கு ஆளாகிறவர் என்ற இரண்டு நிலைகளையும் ஒரே நடிகர், ஒரே சீருடை மனிதராக நடிக்கிறார். முதல் பாதியில் நேராக நின்ற முதுகு இரண்டாம் பாதியில் எங்கே இளகுகிறது, 'சார்' என்ற சொல்லின் எடை ஒவ்வொரு முறையும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பாண்டியும் நண்பர்களும் ஆந்திர நிலையத்தில் நடித்ததையே அவர் சீருடைக்குள் இருந்துகொண்டு மறுபடி நடிக்கிறார். அதனால்தான் படத்தின் இரு பாதிகளும் ஒட்டுகின்றன.

கே.கே. என்ற ஆடிட்டராகக் கிஷோர் வருவதும் தேர்ந்த பாத்திரத் தேர்வு. 'பொல்லாதவன்', 'ஆடுகளம்' படங்களில் உடல்வலிமையும் நிதானமும் கொண்டவராக நாம் பார்த்துப் பழகிய நடிகர் அவர். பெரிய இடத்துத் தொடர்புகள் காப்பாற்றும் என்ற தெம்போடு நிலையத்துக்குள் வரும் கே.கே., அதே நிலையத்தில் உயிரை விடுகிறார். எளியவர்கள் அடிபடுவதைப் பார்த்த நமக்கு, இவருடைய சரிவு வேறொரு செய்தியைச் சொல்கிறது: இங்கே யாரும் பத்திரமாக இல்லை. எளிதில் நொறுங்குபவராகத் தோன்றும் ஒருவரை அந்த இடத்தில் போட்டிருந்தால் அந்தச் செய்தி வந்திருக்காது.

அதிகாரத்தை எதிரே நிற்பவரே காட்டுகிறார் என்ற உண்மை தமிழுக்கு மட்டும் உரியதில்லை. 1972இல் வந்த 'த காட்ஃபாதர்' படம் டான் கோர்லியோனியின் முகத்தில் தொடங்கவில்லை. நீதி கேட்டு வந்திருக்கும் பொனசேராவின் முகத்தில் தொடங்குகிறது. சால்வடோர் கோர்சிட்டோ என்ற நடிகர் பேசப் பேச கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. மார்லன் பிராண்டோவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் எப்பேர்ப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே படத்தில் லூக்கா பிராசியாக நடித்த லென்னி மொன்டானா முன்னாள் மல்யுத்த வீரர். பிராண்டோவின் முன்னால் வசனம் சொல்லத் தடுமாறினார். இயக்குநர் கப்போலா அந்தத் தடுமாற்றத்தை வெட்டி எறியவில்லை. லூக்கா தன் வாழ்த்தை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதாகக் காட்சி சேர்த்து, பாத்திரத்தின் குணமாகவே அதை ஆக்கிக்கொண்டார். மலை போன்ற மனிதன் வாய் குழறி நிற்பதைப் பார்த்த பிறகு டானின் வலிமைக்கு வேறு சான்று எதற்கு? அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) படத்திலும், மிஃபுனேயின் கோண்டோவை உலுக்குவது கடத்தல்காரனின் தொலைபேசிக் குரல் மட்டுமல்ல. அறையின் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் ஓட்டுநர் அவோகி, அதாவது யுதாகா சாதாவின் வளைந்த முதுகும்தான்.

நம் தெருக்கூத்து இதை எப்போதோ அறிந்திருக்கிறது. கட்டியங்காரன் பணிந்தால்தான் திரைக்குப் பின்னாலிருந்து வருபவர் ராஜா. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, கூத்திலிருந்து எடுத்துக்கொண்ட உடல் பயிற்சியில் வளர்ந்தது. முருகதாஸ் அங்கிருந்து வந்தவர் என்பதை 'விசாரணை'யில் அவர் தரையில் சுருண்டு கிடக்கும் விதமே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே நாம் கேட்பது புதிய இறக்குமதி அல்ல. கைவசம் இருந்ததைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறோம்.

அதற்குச் சில பழக்கங்களை மாற்ற வேண்டும். முதலாவது, ப்ராம்ப்ட்டிங். வசனத்தை வெளியிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்க, நடிகர் அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்துவிடுகிறார். எதிரே நிற்பவரைக் கேட்க அவரிடம் காது மிச்சமில்லை. வேகமாக முடிக்க வேண்டிய நாட்களில் அது தவிர்க்க முடியாதது என்று சொல்லப்படுவதை அறிவோம். குறைந்தபட்சம் விசாரணை, மிரட்டல், பேரம் போன்ற காட்சிகளுக்காவது வசனம் மனப்பாடமாகி வர வேண்டும். இரண்டாவது, க்ளோசப் எடுக்கும்போது எதிர் நடிகர் கேரவனுக்குப் போய்விடுவது. அவருடைய இடத்தில் உதவி இயக்குநர் நின்று வசனம் படிக்க, ரியாக்ஷன் ஷாட் எடுத்து முடித்துவிடுகிறோம். பெரிய நடிகர்கள் கேமராவுக்கு வெளியே நின்று, முழு மூச்சோடு வசனம் கொடுப்பதைத் தொழில் ஒழுக்கமாக ஏற்க வேண்டும். அப்படிச் செய்தால் கூடுவது அவர்களுடைய பாத்திரத்தின் கனமே.

மூன்றாவது, ஆடிஷன். தனியாக நின்று வசனம் சொல்லிக்காட்டச் சொல்லும் முறையில் கேட்கத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்க முடியாது. இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவருக்கு வசனமே இல்லாத காட்சியைக் கொடுங்கள். பேசாதவரைப் பதிவு செய்யுங்கள். காவல் நிலையக் காட்சிக்குப் பின்னணியில் நிற்கப்போகும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று ஐந்து நிமிடம் செலவழித்துச் சொல்லுங்கள். ஒருவன் அடிபடும்போது பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் காவலர் நிமிர்கிறாரா இல்லையா என்பதே அந்த நிலையத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும்.

நான்காவதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அடிவாங்கும் காட்சிகளைப் பற்றிப் பேசும்போது, 'நிஜமாகவே அடித்து எடுத்தோம்' என்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது. அது நடிகருக்கும் நடிப்புக்கும் அவமதிப்பு. நிஜமாக வலிக்கும்போது நடிகர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். பாத்திரம் அங்கேயே நின்றுவிடும். சண்டைப் பயிற்சியாளர் ஒவ்வொரு அடியின் தூரத்தையும் வரையறுக்க வேண்டும். எந்த நேரத்திலும் காட்சியை நிறுத்த அடிவாங்குபவருக்கு ஒரு சைகை இருக்க வேண்டும். அதை அவர் பயன்படுத்தினால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பத்திரமாக இருக்கிறோம் என்று அறிந்த உடல்தான் பயத்தை முழுதாக விட்டுக்கொடுத்து நடிக்கும். டப்பிங்கிலும் இதே கவனம் தேவை. இருமல், மூச்சு, அடக்கிக்கொண்ட முனகல் ஆகியவற்றைக் கடைசி அரை மணியில் மொத்தமாகப் பதிவு செய்து ஒட்டினால், மூன்று நாள் உழைத்து உண்டாக்கிய வலி ஒரு நொடியில் பொய்யாகிவிடும்.

பயிற்றுநர்களுக்கும் பாத்திரத் தேர்வாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த குற்றப் படத்துக்கு நடிகர்களைத் தேடும்போது, வில்லனுக்கு ஒதுக்கும் நாட்களுக்குக் குறையாமல் அவன் முன்னால் நிற்கப் போகிறவருக்கும் ஒதுக்குங்கள். ஒத்திகையில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளப் பேச்சிலும் டைட்டில் கார்டிலும் விருதுப் பரிந்துரையிலும் அவர் பெயர் விடுபடாமல் பாருங்கள். வில்லன் பாத்திரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் அதுவே.